ஆறு மடிப்பு, எட்டு மடிப்பு

ஹேர்னிங்
12 ஜனவரி 2025

ஸ்ரிபன் அவர்களுக்கு,

வணக்கம். இப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கலியாணப் பேச்சு முடிந்துபோன பிறகு பெண்ணின் பக்கத்திலிருந்து கடிதம் போவது டென்மார்க்குக்கு வந்த பிறகும் எங்கள் ஆட்களிடம் வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் இலக்கம் சம்பந்தம் பேசிய செலீனா மாமியிடம்தான் இருக்கிறது. அவவிடம் கேட்டால் அன்று பின்னேரத்துக்குள் ஹேர்னிங்கிலும் இக்காஸ்டிலும் உள்ள தமிழ்ச் சனம் முழுவதும் கேட்ட மாதிரி ஆகிவிடும். உங்கள் முகவரியோ நீங்கள் அனுப்பிய உறையின் பின்பக்கத்திலேயே இருந்தது.

அந்த உறைக்கு நன்றி சொல்லவேண்டும். டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முதல் வந்தது. தபால்பெட்டியைத் திறப்பது எங்கள் வீட்டில் என் வேலை, அதனால் வேறு ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே சுட்டு முடிந்த இரண்டு வெற்றுப் பிளாஸ்ரிக் தோட்டாக் கோதுகள் இருந்தன. சிவப்புக் கோதின் வாய் ஆறாக மடிந்திருந்தது, நீலத்தின் வாய் எட்டாக. கூடவே ஒரு சின்னத் துண்டு. "நீங்கள் கேட்டது" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

நவம்பரில் நீங்களும் உங்கள் அம்மாவும் என்னைப் பார்க்க வந்தபோது நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான். அப்பா உங்களிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுகிற கழகத்தில் இருப்பதாகவும், சுட்ட தோட்டாக்களைப் பொலிஸ் அனுமதியோடு வீட்டிலேயே திரும்ப நிரப்புவதாகவும் சொன்னீர்கள். வரும் வழியில் வாங்கிய ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தீர்கள். நிரப்பிய தோட்டாவின் வாயை மடித்து மூடுகிற கருவி. உள்ளே நட்சத்திரம் போல ஆறு வரம்புகள். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். ஏன் ஆறு, எட்டாக இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். அதற்கு வாயால் பதில் சொல்ல ஏலாது, காட்டத்தான் வேண்டும், அனுப்புகிறேன் என்றீர்கள். அடுத்த நிமிஷம் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு கதைக்குப் போய்விட்டீர்கள்.

பிறகு உங்கள் பக்கத்தில் விருப்பமில்லை என்று மாமி மூலம் செய்தி வந்ததாக அம்மா சொன்னா. அதைப் பற்றிக் கேட்க நான் இதை எழுதவில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் வேண்டாம் என்று விட்ட வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு, சொன்ன சொல்லுக்காகப் பதில் அனுப்புகிற ஒருவரை நான் இதற்கு முதல் கண்டதில்லை. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்னொரு காரியமும் இருக்கிறது. இக்காஸ்டில் நான் வேலை செய்கிற பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் கிர்ஸ்தன் என்ற டெனிஷ்காரப் பெண் என் பக்கத்து மேசை. அவவும் தட்டுச் சுடுகிறவ, வீட்டில் நிரப்ப அனுமதியும் இருக்கிறது. பழைய நிரப்பும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறா, ஆனால் வாய் மடிக்கும் பகுதி சரியில்லையாம். கடையில் போய் நின்றால் ஆறு, எட்டு, கையால் அழுத்துவது, மேசையில் பூட்டுவது, துளைக்கும் மெசினில் மாட்டி உருட்டுவது என்று வரிசையாக இருக்கிறது, எதை வாங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தா. எனக்கு ஒருவரைத் தெரியும் என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், தெரியும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. பேச்சு முடிந்தபடியால் இனி அண்ணா என்று சொல்லலாம் என்று அம்மா சொன்னா. பேனா அதை எழுத மறுக்கிறது. குறை நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெனுஷா கிறிஸ்துநாயகம்

பதில் எழுதுவதானால் தயவுசெய்து வேலையிட முகவரிக்கு. கீழே தந்திருக்கிறேன்.


ரண்டர்ஸ்
26 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனுஷா,

கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. எனக்குக் கடைசியாகக் கையால் எழுதின கடிதம் எப்போது வந்தது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. நகரசபைக் கொம்யூன்கூட இப்போது கணினியில் கடிதம் போட்டுத்தான் வெருட்டுகிறது. என் தமிழ் சனிக்கிழமைப் பாடசாலைத் தமிழ், அதுவும் பாதியில் நின்றது. பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

அண்ணா என்று எழுதாததற்கு நன்றி. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அண்ணை. ஒரு ஆளாவது பெயரைச் சொல்லட்டும்.

கிர்ஸ்தனின் கேள்விக்கு வருகிறேன். முதலில் கருவியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோதைப் பார்க்கட்டும். தொழிற்சாலையில் ஆறாக மடித்த கோது சுட்ட பிறகும் அந்த ஆறு கோட்டை மறக்காது. அதில் எட்டுக் கருவியை வைத்து அழுத்தினால் பாதி பழைய கோட்டில் போகும், பாதி புதுக் கோட்டில் போகும், வாய் கோணி நடுவில் ஓட்டை விழும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆறு திறம், எட்டுத் திறம் என்று ஒன்றும் இல்லை. கோது ஏற்கெனவே எப்படி மடிந்ததோ அதுதான் சரி.

சுடுகிற இடத்தில் நிலத்தில் கிடக்கிறதை எல்லாம் ஒரே பையில் பொறுக்கியிருப்பா. எல்லாரும் அப்படித்தான், நானும் செய்தேன். கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். எது கூடுதலாக இருக்கிறதோ அதற்குத்தான் கருவி. மிச்சத்தைக் கழகத்தில் யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கையால் அழுத்துகிற கருவி மலிவு, சின்னது. என்னிடம் இருப்பதும் அதுதான். ஆனால் கையும் மணிக்கட்டும் நல்லாக இருக்க வேண்டும். கிர்ஸ்தனுக்கு விரல்மூட்டு நோவு இருந்தால் மேசையில் பூட்டுகிற, நெம்புகோல் வைத்தது வாங்கட்டும். அதில் முதல் அழுத்தலில் கோடு விழும், இரண்டாவதில் வாய் மூடும். அவசரப்பட்டு ஒரே அழுத்தலில் இரண்டையும் செய்யப் பார்த்தால் கோது நடுவில் நசிந்துபோகும். உருட்டுகிற கருவி வேறு வகை. அது மடிக்காது, மேலே ஒரு வட்ட மட்டையை வைத்து, கோதின் விளிம்பைச் சூடு பிடிக்கச் சுழற்றி உள்ளே உருட்டிவிடும். மடிப்புத் தேய்ந்த கோதுக்கு நல்லது. ஆனால் முதல் கருவியாக அதை வாங்க வேண்டாம்.

வெடிமருந்து எவ்வளவு, குண்டு எவ்வளவு என்பதை நான் எழுதமாட்டேன். அது அவவின் புத்தகத்தில் இருக்கிறபடிதான். அதில் யாருடைய சொல்லையும் கேட்கக்கூடாது, என்னுடையதையும்.

உங்கள் கடிதத்தில் ஒரு பந்திக்கு நான் பதில் எழுதவில்லை. கவனிக்காமல் விட்டதாக நினைக்க வேண்டாம். அதை எழுதுவதற்கு நான் சரியான ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
ஸ்ரிபன்


ஹேர்னிங்
16 மார்ச் 2025

அன்புள்ள ஸ்ரிபன்,

இவ்வளவு நாள் பிந்தியதற்கு நாங்கள் செய்து பார்த்ததுதான் காரணம், கடைசியில் ஒரு காரணம் வேறு.

கிர்ஸ்தன் உங்கள் கடிதத்தை என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, கன்ரீன் மேசையில் தன் பையைக் கொட்டினா. சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் நின்று பிரித்தார்கள். போலந்துக்காரர் ஒருவர் ஆறு, எட்டு என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் போட்டார். ஆறுதான் கூடுதல். வாங்கிய இயந்திரத்தில் இருந்ததோ எட்டு. அதுதான் அவவின் தொல்லை முழுவதும். விரல்மூட்டு நோவும் இருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டா. முதியோரோடு வேலை செய்கிறவர் என்றேன். நான் கிழவி இல்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன்.

ஆறு வரம்புள்ளதை, மேசையில் பூட்டுகிறதை வாங்கினா. முதலில் செய்தவை எல்லாம் நடுவில் ஓட்டை. அவவின் காருக்குள் இன்னும் சின்ன இரும்புக் குண்டுகள் உருண்டு திரிகின்றன. கருவி பிழை என்று திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ வேலை செய்வது சூடு இல்லாத கராஜில். குளிரில் பிளாஸ்ரிக் விறைக்கும், மடிப்பு முழுதாக உட்காராமல் திரும்ப நிமிரப் பார்க்கும். பிளாஸ்ரிக் இஞ்சினியரிங்கில் இதைத்தான் நான் படித்தேன், ஆனால் இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று நினைக்கவில்லை. வெறும் கோதுகளை மட்டும் முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் மூடியவை தட்டையாக, ஆறு இதழும் நடுவில் வந்து தொட்டுக்கொண்டு, என்ன வடிவு. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

உங்களிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் அனுப்பிய நீலக் கோதை வேலையிடத்தில் வெட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் மடிப்பின் உட்பக்கத்தில் மயிரிழை போல வெடிப்புத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். இந்த அளவுக்கு வந்த கோதை நீங்கள் திரும்ப நிரப்ப வேண்டாம். சிவப்பை வெட்டவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

இந்த மாதம் கிர்ஸ்தன் என்னைச் சுடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பயிற்றுநர் பக்கத்தில் நிற்க நானும் சுட்டேன். தட்டுகள் எல்லாம் பத்திரமாகப் பறந்து போய் விழுந்தன. கடைசியில் ஒன்று மட்டும் தூளானது. அங்கே நிற்கிறவர்கள் அதிகம் கதைப்பதில்லை, ஒருவர் சுடும்போது மற்றவர்கள் பொறுத்து நிற்கிறார்கள். எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது, ஒவ்வொரு சனியும் போகிறேன். சனிக்கிழமைகளில் நீந்தப் போவதாக அம்மா நினைக்கிறா. தலைமயிர் ஏன் காய்ந்திருக்கிறது என்று இன்னும் கேட்கவில்லை.

இனி மற்றக் காரணம். போன வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது செலீனா மாமி பக்கத்தில் வந்து நின்றா.

"என்ன பிள்ளை, நல்ல பெடியனை வேண்டாமெண்டு விட்டிட்டாய். அவன் இன்னும் வேறை ஒரு இடமும் பாக்கேல்லை, தெரியுமோ?"

"நான் எப்ப மாமி வேண்டாமெண்டனான்?"

"அப்ப கொம்மா சொன்னது?"

அதற்குப் பிறகு மாமி மீன் ரோல்சைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தா. 

ஆகவே, நான் வேண்டாம் என்றதாக உங்களுக்கும், நீங்கள் வேண்டாம் என்றதாக எனக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. என் முதல் கடிதத்தை வாசித்ததும் உங்களுக்கு இது விளங்கியிருக்கும். ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதவில்லை. ஆறு வரம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள்.

கோபமாக எழுதத்தான் இருந்தேன், ஆனால் கோபம் எழுத்தில் வரவில்லை. ஏன் எழுதவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

கிர்ஸ்தனுக்குக் கருவி வாங்கியாகிவிட்டது. இனி உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு வேறு சாக்கு இல்லை.

ஜெனுஷா


ரண்டர்ஸ்
23 மார்ச் 2025

அன்புள்ள ஜெனுஷா,

படத்துக்கு நன்றி. என்னிடம் இருந்த நீலக் கோதுகள் முழுவதையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன். கழகத்தில் இதைக் காட்டினேன். எத்தனையோ வருஷமாக நிரப்புகிறவர்கள், ஒருவரும் உள்ளே பார்த்ததில்லை. யார் எடுத்த படம் என்று கேட்டார்கள். ஹேர்னிங்கில் ஒரு பிளாஸ்ரிக் இஞ்சினியர் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன் என்று நினைக்கிறேன். எனக்கு என்ன உரிமை என்று நானும் பிறகுதான் யோசித்தேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். ஓம், உங்கள் முதல் கடிதத்திலேயே விளங்கிவிட்டது. பிள்ளைக்கு இப்போது கலியாணம் கட்ட விருப்பமில்லையாம் என்றுதான் எங்களுக்கு வந்த செய்தி. அம்மா கவலைப்பட்டா. நான், சரி, அவவின் விருப்பம் என்று விட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அன்று வேலைக்குப் போய் ஒருவருக்கு இரண்டு தரம் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டேன். அவர் இரண்டையும் சாப்பிட்டார்.

ஆனால் எழுதினால் அதற்கு என்ன பொருள்? உங்கள் அம்மா பொய் சொன்னா என்று, நான் தபாலில் உங்களுக்குச் சொல்வது. உங்கள் வீட்டில் ஒரு தடவை தேத்தண்ணி குடித்தவன் நான். ஒரு மகளையும் தாயையும் பிரிக்கிற மாதிரி ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களாக அறிந்தால் அது வேறு.

இன்னொன்றும் உண்டு. அன்று அந்தக் கிண்ணத்தை மேசையில் வைத்தபோது நான் உங்கள் அம்மாவின் முகத்தைக் கண்டேன். அதனால்தான் உடனே எடுத்துப் பையில் வைத்தேன். என்னவென்று தெரியாது. பிடிக்காததைக் கண்ட முகம் இல்லை அது. எங்கள் முதியோர் இல்லத்தில் சில பேரிடம் அப்படி முகத்தைக் கண்டிருக்கிறேன். அப்போது ஒன்றும் கேட்கக்கூடாது, கையில் இருப்பதை வைத்துவிட வேண்டும்.

அதனால் அம்மாவிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டாம். அன்று என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள்.

நான் தட்டுச் சுடுகிற துவக்குத்தான் காரணம் என்றால், அது இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம். எனக்கு அது விருப்பமான விளையாட்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் விளையாட்டுத்தான்.

எழுதுவதற்குச் சாக்கு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உருட்டுகிற கருவியைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
ஸ்ரிபன்


ஹேர்னிங்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்ரிபன்,

நீங்கள் சொன்னபடியே கேட்டேன். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் கிழமை, அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அன்று மேசையில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். கத்தி நின்றது. கையைக் கழுவினா, சீலைத் தலைப்பில் துடைத்தா, கதிரையில் இருந்தா. அப்பா உள்ளே வரப் பார்த்தவர், எங்கள் இரண்டு பேரையும் கண்டதும், கழுவிய காரைத் திரும்பவும் கழுவப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஒரு அண்ணை இருந்தார் என்று தெரியும். மன்னாரில், சண்டைக் காலத்தில் காணாமல் போனவர். வீட்டில் படம் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர்களுடைய வயலில் பன்றி இறங்குவதால் மாமா அனுமதி எடுத்து ஒரு துவக்கு வைத்திருந்தாராம். தோட்டா வாங்கக் கிடைக்காத காலம். சுட்ட கோதை எறியாமல் வீட்டிலேயே திரும்ப நிரப்புவாராம். துவக்குகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி அரசாங்கம் அறிவித்தபோது மாமா முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு ஒருநாள் இலங்கை இராணுவம் வந்து வீட்டைச் சோதித்திருக்கிறது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"துவக்கைக் குடுத்திட்டார். வெறுங்கோதுகளையும் குடுக்க வேணுமெண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. தகரப்பேணி ஒண்டுக்குள்ளை கிடந்தது. அதோடைதான் அண்ணையைக் கொண்டு போனவங்கள்."

மாமா திரும்பி வரவில்லை.

அம்மா அழவில்லை. எழும்பிப் போய் மிச்ச மீனை வெட்டினா. அன்று எங்கள் மேசையில், எங்கள் கேக்குக்கும் பலகாரத்துக்கும் நடுவில், ஒரு நல்ல பெடியன் சிரித்துக்கொண்டு அந்த வேலைக்கான கருவியை எடுத்து வைத்ததும், தான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் போனதாம். அதை உங்கள் அம்மாவுக்குச் சொல்ல ஏலாது, எனக்கும் சொல்ல ஏலாது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் முடியட்டும் என்று, எங்கள் சனம் சொல்கிற மாதிரியே, அங்கே பிள்ளைக்கு விருப்பமில்லை என்றும், இங்கே பெடியன் வீட்டாருக்கு விருப்பமில்லை என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறா. நோகவில்லை என்று நினைத்தாவாம். நான் கிழமைக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாததைக் கண்டும், வேலைக் களைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாவாம்.

நானும் என் பங்கைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் நீந்தப் போகவில்லை என்று. கடிதங்களைப் பற்றியும். இரண்டு நாள் அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தா. மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்று, அந்தக் கோதைக் காட்டு என்றா.

சிவப்புக் கோதைக் கையில் கொடுத்தேன். பெருவிரலால் ஆறு மடிப்பையும் ஒவ்வொன்றாகத் தடவினா.

"அண்ணை இப்பிடி மடிக்கிறேல்லை. சிகரெட் பெட்டி மட்டையை வட்டமா வெட்டி மேலை வைச்சு, மெழுகுதிரி உருக்கி ஊத்துவர். நான்தான் திரி பிடிக்கிறது." கோதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தா. "இது வடிவா இருக்கு."

ஸ்ரிபன், மாமாவைப் பற்றி அம்மா எனக்குச் சொன்ன முதல் சந்தோஷமான விஷயம் அது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. அவருக்கு உறைப்பு ஆகாதாம். பாட்டுப் பாடினால் நாய் எழும்பிப் போய்விடுமாம். இருபத்தாறு வயதில் எனக்கு ஒரு மாமா கிடைத்திருக்கிறார். நீங்கள் அன்று அந்த வரியை எழுதியிருந்தால் நான் அம்மாவோடு சண்டை பிடித்திருப்பேன், அம்மா இன்னும் இறுக மூடியிருப்பா. இதை நான் வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் படித்த படிப்பில் எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார்கள். எங்கே அழுத்தக்கூடாது என்பதை உங்களிடம்தான் கண்டேன்.

துவக்கை விற்க வேண்டாம். நான் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வித்துப்போட்டு வந்தால் பிறகு காலம் முழுக்க என்ரை முகத்திலை அதைத்தான் பாப்பான். வேண்டாம்" என்றா. பிறகு, "நான் ஒண்டும் சொல்லாமலே எடுத்துப் பையுக்கை வைச்சவன். அதை நான் மறக்கேல்லை" என்றா. சம்மதம் என்று சொல்லவில்லை. "வந்தால் வரட்டும், எனக்குப் பிடிக்குமெண்டு நான் சொல்லேல்லை" என்றுதான் சொன்னா. அம்மாவை எனக்குத் தெரியும். நீங்கள் வருவதில் விருப்பமில்லை என்றால், மீன் கட்லட் உருட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டு, அதில் கை வைக்கக்கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லியிருக்கமாட்டா.

சுடுகிறதில் எனக்கு இப்போது கொஞ்சம் கை பிடித்திருக்கிறது. இடப்பக்கத்திலிருந்து வருகிற தட்டு மட்டும் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறது. கிர்ஸ்தன் தன் கருவியை ஒரு நாளும் கடன் தரமாட்டாவாம். அனுமதி எடுத்த பிறகு நானே ஒன்று வாங்க வேண்டுமாம். மேசையில் பூட்டுகிறதா, கையால் அழுத்துகிறதா என்று கேட்டா. என் மணிக்கட்டு நல்லாகத்தான் இருக்கிறது என்றேன்.

இவ்வளவு பக்கமும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். முதல் பக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும், தள்ளித் தள்ளி இங்கே வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு, மே நாலாம் திகதி, பூசை முடிந்து மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். செலீனா மாமி வேண்டாம். உங்கள் அம்மா குறை நினைக்காமல் அடுத்த தடவை வரட்டும். போன தடவை பெரியவர்கள் பெரியவர்களைக் கேட்டார்கள், பதிலும் அவர்களே சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை, அம்மா அப்பா இருக்க, அவர்கள் காதில் விழ, என்னைக் கேளுங்கள்.

ஜெனுஷா